ம் கொட்டும் பிள்ளை

கமலாதேவி டீச்சரின் வீட்டுக்கு அசனா முதன்முதல் போனது ஒரு மத்தியானத்தில். மூதூரிலிருந்து கிளிவெட்டி வரைக்கும் தார் வீதி. அதைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக இறங்கினால் கிரவல் பாதை. புருசன் ஜெமீலின் ஓட்டோ குலுங்கிய குலுக்கலில், மடியில் இருந்த லெப்டொப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளாமை பச்சையாக நின்றது. வரம்பில் கொக்குகள் நின்றன. போனில் படம் எடுத்துப் போடத் தோன்றும் இடம்தான், ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆள் நடமாட்டம் இல்லை.

"அஸர் தொழுகைக்குப் பொறகு வந்து ஏத்துறன்," என்று வேலிப் படலையடியில் இறக்கிவிட்டு ஜெமீல் திரும்பிப் போனான்.

மூதூர் கடைத்தெருவில் அசனாவுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. போட்டோ கொப்பி எடுப்பாள், காணி மனு அடிப்பாள், கலியாணக் கார்டுக்கு எழுத்து அடுக்குவாள். நாவல் அடித்துத் தரச் சொல்லி ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. கேட்டவர் கமலாதேவி டீச்சர் என்றதும், பள்ளிக்கூடத்தில் அவருடைய கதையைப் பாடமாகப் படித்த ஞாபகத்தில், யோசிக்காமல் ஓம் சொல்லிவிட்டாள்.

டீச்சருக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் ஏறிய சீனி கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. பேனை பிடித்தால் ஒரு வரியின் மேல் அடுத்த வரி ஏறிப்படுத்தது. ஆகவே அவர் வாயால் சொல்ல வேண்டும், அசனா அடிக்க வேண்டும். திருகோணமலை லிங்கநகரில் அவருடைய அண்ணன் வீட்டில் மின்விசிறி, கூப்பிடு தூரத்தில் வைத்தியர், வேளைக்குச் சாப்பாடு எல்லாம் இருந்தன. மனுசி அசையவில்லை. இந்த வயலை விட்டால் தனக்குக் கதை வராது என்று சொல்லி, அந்தப் பழைய வீட்டில் ஒற்றையாகக் கிடந்தார். சுவரில் ஷெல் துண்டு கொத்திய ஓட்டைகளைச் சீமெந்து போட்டு அடைத்திருந்தார்கள். நிறம் மட்டும் ஒட்டவில்லை.

"வாங்கோ பிள்ளை. இந்தக் கதிரையில இருங்கோ. காத்து வரும்."

"எல்லாரும் உங்கட கதையில மண் மணக்குது எண்டு சொல்லுறாங்க டீச்சர். இப்பதான் பாக்கிறன், இந்த மண்தானா?"

டீச்சர் சிரித்தார். "மண் எங்க பிள்ளை மணக்குது? இஞ்ச மணக்கிறது உரமும் மாட்டுச் சாணியும்தான். கொழும்பில இருந்து வாறவைக்கு அது மண் வாசம்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒரு சொல் கேளுங்கோ. நான் கதை சொல்லேக்க நீங்கள் ம் கொட்டக் கூடாது. விளங்கேல்லை எண்டால் கையைத் தட்டுங்கோ. ம் மட்டும் வேண்டாம்."

எழுதுகிறவர்களுக்கு ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும் என்று அசனா நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் சொல்லத் தொடங்கினார். வாய்க்கால் திறந்துவிட்ட காலையில் ஒரு தாயும் மகளும் வயலுக்குப் போகிற கதை. மகள் தும்பிக்குப் பின்னால் ஓடுகிறாள், வரம்பு உடைந்த இடத்தில் விழுந்து, சேறு பூசிய பல்லோடு சிரிக்கிறாள். கேட்கக் கேட்க அசனாவுக்கும் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு விசயம் மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு வசனம் முடிந்ததும் டீச்சர் நிறுத்துவார். தலையை உள் அறைப் பக்கமாகச் சாய்ப்பார். அந்த அறை வாசலில் பூப்போட்ட ஒரு பழைய சீலை திரையாகத் தொங்கியது. கொஞ்சம் பொறுப்பார். பிறகுதான் அடுத்த வசனம்.

மூச்சு வாங்குகிறார் போலும் என்று விட்டுவிட்டாள்.

அவருடைய முந்திய நாவல்கள் எல்லாவற்றிலும் ஒரு சிறுமி காணாமல் போவாள், கடைசிப் பக்கத்தில் வயல் வரம்பு வழியே வீடு திரும்புவாள். விமர்சகர்கள் அதற்கு 'மீள்வருகையின் அழகியல்' என்று பெயர் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கிழமை போய் அடுத்த கிழமையில் ஒரு நாள் வானம் மூடிக்கிடந்தது. மழை வரும் என்று வயல் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. டீச்சர் ஒரு வசனத்தை முடித்துத் தலையைச் சாய்த்தார்.

தவளைகள் ஒரேயடியாக நின்றன.

ஆற்றுச் சேற்று மணம் வந்தது. அதோடு கலந்து, துவட்டாமல் விட்ட பிள்ளைத் தலையின் ஈர மணம்.

"ம்."

திரைக்குப் பின்னால் இருந்து. மெல்லிய குரல். கதை கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற ஒரு பிள்ளையின் குரல்.

அசனாவின் விரல் விசையிலேயே நின்றது. லெப்டொப் திரையில் ஒரே எழுத்து வரிசை வரிசையாக ஓடியது. டீச்சர் ஒன்றும் நடக்காதது போல அடுத்த வசனத்தைச் சொன்னார்.

"ம்."

"டீச்சர்," என்றாள் அசனா. "உள்ளுக்க ஆரு இரிக்கிற?"

டீச்சரின் முகம் மாறிய விதத்தை அசனா சாகும்வரை மறக்கமாட்டாள். பயம் இல்லை, கோபம் இல்லை. பார்வை மங்கிய அந்தக் கண்களில் தண்ணீர் முட்டி வழிந்தது.

"உங்களுக்கும் கேட்டுதோ?" அவர் எழுந்து தடவித் தடவி வந்து அசனாவின் கையைப் பிடித்தார். "உண்மையாக் கேட்டுதோ பிள்ளை? அப்ப எனக்கு விசர் இல்லை. கடவுளே, எனக்கு விசர் இல்லை."

அசனா லெப்டொப்பை மூடிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். பிடித்த அந்தப் பிடி அவளை ஓட விடவில்லை.

அன்றுதான் டீச்சர் சொன்னார். மகன் யதுர்சன் சண்டை மூளும் முதலே கனடா போய்விட்டான். புருசனும் இல்லை. வீட்டில் டீச்சரும், வயது போய்ப் பிறந்த தர்சிகாவும்தான். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்துக்கொண்டிருந்த வயது.

"ஷெல் அடிக்கத் தொடங்கினவுடன ஊரே வெருகல் பக்கமாக் காட்டுக்குள்ளால நடந்தது பிள்ளை. ரோச் லைற் அடிக்க ஏலாது. அவளுக்கு இருட்டெண்டால் சரியான பயம். அதால நான் கதை சொல்லிக்கொண்டு நடந்தனான். என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு பின்னால ம் கொட்டிக்கொண்டு வந்தவள். ம் கேட்டால் பிள்ளை இருக்கிறாள். திரும்பிப் பாக்கத் தேவையில்லை."

மழை தொடங்கியிருந்தது. டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"கிட்டத்தில ஒண்டு விழுந்துது. சனம் சிதறிப்போச்சுது. எழும்பினால் தலைப்பில ஆளில்லை. பேர் சொல்லிக் கத்தினன். சத்தம் கேட்டு இன்னும் அடிப்பாங்கள் எண்டு சனம் என்ர வாயைப் பொத்திச்சுது. பிறகு நான் விட்ட இடத்தில இருந்து கதையை மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டு காடு முழுக்கத் திரிஞ்சன். கேட்டால் ம் எண்டுவாள், அந்தச் சத்தத்தைப் பிடிச்சுப் போய்த் தூக்கலாம் எண்டு. விடியும்வரை சொன்னனான்."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை.

அதே ஆண்டுதான் மூதூர்ச் சனமும் சண்டைக்குத் தப்பிக் கால்நடையாகக் கந்தளாய்க்குப் போனது. அசனாவுக்கும் அப்போது தர்சிகாவின் வயது. வழிநெடுக உம்மா ஓதிக்கொண்டே வந்தா; உம்மாவின் கையை அசனா விடவில்லை. அவ்வளவுதான் இரண்டு பிள்ளைகளுக்கும் வித்தியாசம். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

"முகாமில இருந்து திரும்பி வந்து, கூரையைப் போட்டு, முதல் கதையை எழுதி வாய்விட்டு வாசிச்சன்," என்றார் டீச்சர். "உள்ளுக்குள்ள இருந்து ம் எண்டு கேட்டுது. வழி தவறின பிள்ளையள் எங்க போகும்? வீட்டுக்குத்தானே வரும். அண்டையில இருந்து ஒவ்வொரு கதையிலும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில விட்டனான். அது சந்தோசமாக் கேட்டுக்கொண்டு கிடக்கும். தான் செத்தது அதுக்குத் தெரியாது பிள்ளை."

"இப்ப எழுதுற கதை?"

"இதில அவள் திரும்பி வரமாட்டாள். நான் கண்ணை மூடினால் ஆர் அதுக்குக் கதை சொல்லுறது? தனியக் கிடக்கும். அதுக்கு முதல் நானே உள்ளதைச் சொல்லவேணும். கேட்டு முடிஞ்சவுடன ஐயரைக் கூப்பிட்டு அந்தியேட்டிக் கிரியை செய்து அனுப்பிவிடுவன். இவ்வளவு காலமும் அது செய்யேல்லை. செய்தால் செத்ததை ஒப்புக்கொண்டதாப் போயிடுமெண்டு செய்யேல்லை."

மறுநாளும் அசனா போனாள். ஏன் போனாள் என்று ஜெமீலுக்குச் சொல்லவில்லை. தனக்கே சொல்லத் தெரியவில்லை.

கதை காட்டுக்குள் நுழைந்தது. டீச்சர் சொல்லச் சொல்ல, வெயில் எரிக்கிற பின்னேரத்திலும் அந்த வீட்டுக்குள் இருட்டு வந்து உட்கார்ந்தது. முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாத இருட்டு. முள் கிழிக்கிறது. யாரோ ஒருவர் கைக்குழந்தையின் வாயைப் பொத்துகிறார். தாய் கதை சொல்கிறாள். மகள் தலைப்பைப் பிடித்திருக்கிறாள். அசனா அடித்துக்கொண்டே கந்தளாய் வீதியில் நடந்தாள். உம்மாவின் கை வியர்த்திருந்தது. தூரத்தில் எங்கோ வெடித்தது. டீச்சர் வசனத்தை முடித்தார்.

"ம்," என்றாள் அசனா.

வாயை விட்டுப் போய்விட்டது. சின்ன வயதில் இருந்து கதை கேட்ட வாய் அது. யாரைக் கேட்டுக்கொண்டு ம் கொட்டும்?

டீச்சரின் முகம் வெளுத்தது. "பிள்ளை..."

உள் அறையில் சத்தம் இல்லை.

திரை அசையவில்லை.

ஆனால் சேற்று மணம் நகர்ந்தது. சீமெந்துத் தரையில் ஈரப்பாதம் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் அறையைக் கடந்தது, மேசையைச் சுற்றியது, கதிரைக்குப் பின்னால் வந்து நின்றது.

அசனாவால் திரும்ப முடியவில்லை. ஓதுவதற்கு வாயெடுத்தாள், ஒரு சொல்லும் நினைவில் வரவில்லை. ஈர முடி கழுத்தோரம் பட்டது. பாக்குக் கடித்த மாதிரிப் பல் நறநறவென்று உரசியது.

"ம்."

காதுக்குள். தன் இடத்தைப் பறிகொடுத்த பிள்ளையின் வீம்போடு.

அன்று இரவு அசனாவுக்குக் காய்ச்சல். "அந்தப் பக்கம் இனித் தலை வெச்சும் படுக்காத," என்றான் ஜெமீல். அவளும் ஓம் என்றாள். இரண்டு மூன்று நாள் கழித்து டீச்சர் போன் எடுத்தார். அழுது அழுது அவருடைய குரல் கம்மியிருந்தது.

"கோவிச்சுக்கொண்டாள் பிள்ளை. நான் சொல்லுறன், சொல்லுறன், ம் வருகுதே இல்லை. கதை அரைவாசியில நிக்குது. முந்தியும் அரைவாசியிலதான் நிண்டது. திரும்பவும் அப்பிடி விட்டிட்டு நான் சாக ஏலாது."

அசனா போனாள். கதிரையில் உட்கார முதல் திரைக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே இருப்பவள் தன் வயதுக்காரிதான். ஆனால் அந்தக் குரலுக்கு வயது ஏறவில்லை.

"தங்கச்சி," என்றாள். "ம் கொட்டுறது உன்ட வேலதான். நான் தெரியாமச் சொல்லிட்டன். இனிச் சொல்ல மாட்டன்."

கதிரைக்குத் திரும்பி லெப்டொப்பைத் திறந்தாள். டீச்சர் ஒரு வசனம் சொன்னார்.

"ம்."

கிழவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

கடைசி அத்தியாயம் ஒரு மம்மல் பொழுதில் வந்தது. வயலுக்கு மேலே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. டீச்சர் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சீலை உடுத்து உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்ததாகச் சொன்னார். தன் கதையில் எத்தனையோ பேரைச் சாகடித்த மனுசிதான். ஆனாலும் அன்றைக்குச் சொல்ல வாய் எழவில்லை.

"பெரிய சத்தம் கேட்டது," என்று தொடங்கினார்.

"ம்."

"அம்மாவின் தலைப்பில் இருந்து மகளின் கை கழன்றது."

"ம்."

"அம்மா தேடினாள். காடு முழுக்கத் தேடினாள். மகள் கிடைக்கவில்லை."

"ம்."

"ஏனென்றால்..." டீச்சர் இரண்டு கையாலும் கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தார். "ஏனென்றால் மகளுக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. அவளுக்கு நோகவில்லை. அவள் இனி வீட்டுக்கு வரமாட்டாள்."

ம் வரவில்லை.

அசனா மூச்சைப் பிடித்தாள். வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சேற்று மணம் மெல்ல மெல்லக் குறைவது போல இருந்தது. டீச்சரின் கன்னம் நனைந்தது. "போ மகள்," என்று உதட்டுக்குள் சொன்னார். "என்ர செல்லமெல்லே. போ."

திரை ஒரு தரம் அசைந்தது.

"பிறகு?" என்றது பிள்ளை.

கதை கேட்கிற பிள்ளைகள் எல்லாம் கேட்கிற கேள்வி. அந்தக் குரலில் துக்கம் இல்லை. செத்துப்போனது யார் என்று அதற்கு விளங்கவில்லை. விளங்காமல், அடுத்து என்ன என்று ஆசையோடு கேட்டது.

டீச்சர் அப்படியே உடைந்துபோனார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே, "பிறகு?" என்று திரும்பவும் கேட்டது, இந்த முறை கொஞ்சம் பயந்து.

பிள்ளை பயந்தால் தாய் என்ன செய்வாள்?

"பிறகு... பிறகு விடிஞ்சுது மகள்," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்து, குரலைச் சிரிக்க வைத்து. "வெளிச்சம் வந்தது. காட்டுக்குள் இருந்து மகள் எழும்பினாள். வரம்பு வழியே நடந்து, நடந்து, வீட்டுக்கு வந்துவிட்டாள்."

"ம்."

அசனா அதையும் அடித்தாள். எழுத்துகள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அடுத்த மாசம் சொல்லுவம் பிள்ளை," என்றார் டீச்சர் படலையடியில். "அடுத்த மாசம் கட்டாயம் சொல்லுவன்."

அடுத்த மாதம் டீச்சர் இல்லை. காலில் புண் வந்து, திருகோணமலைக்கு ஏற்றிப் போய், அங்கேயே முடிந்துவிட்டது. லிங்கநகர் அண்ணன் வீட்டில்தான் சடங்கு. யதுர்சன் கனடாவில் இருந்து வந்து கொள்ளி வைத்தான். ஒன்றும் குறை வைக்கவில்லை. எட்டாம் நாளுக்கு எட்டுச் செலவு செய்தான், ஐயர் சொன்னபடி அந்தியேட்டியும் செய்து தாயை அனுப்பிவைத்தான்.

அன்று சாப்பாட்டுப் பந்தலில் அசனா அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"உங்கட தங்கச்சிக்கும் சேத்துச் செஞ்சிருக்கலாமே அண்ணா. டீச்சர் செய்யத்தான் நினைச்சவ."

அவன் பந்தல் கம்பில் கையை ஊன்றினான். "அம்மா என்னட்டை அப்பிடிச் சொல்லேல்லையே தங்கச்சி. கடைசியா ஆஸ்பத்திரியில இருந்து கதைக்கேக்கையும், தர்சி வீட்டில இருக்கிறாள், தனிய விடாதை எண்டுதான் சொன்னவ. ஒரு அத்தாட்சியும் இல்லாமல், இருக்கிற பிள்ளைக்குக் கிரியை செய்தால் பாவமெல்லே? என்னால ஏலாது."

அவனையும் குறை சொல்ல முடியாது. அவன் திரும்பிப் போனான்.

நாவல் அச்சாகி வந்தபோது மாரி மழை தொடங்கியிருந்தது. ஒரு பிரதியை அந்த வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று அசனாவுக்கு மனம் அரித்துக்கொண்டே இருந்தது. ஜெமீல் முணுமுணுத்துக்கொண்டு ஏற்றிப் போனான். கிளிவெட்டியில் ஆள் ஒன்றை இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லி, அவளைப் படலையடியில் விட்டான்.

வீடு பூட்டியிருக்கவில்லை. டீச்சரின் கதிரையில் தூசி. குசினி அடுப்படியில் பல்லி ஒன்று சொல்லியது. அசனா புத்தகத்தை மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே வந்திருக்கலாம். திரையைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தை விரித்து வாய்விட்டு வாசித்தாள்.

"ம்," என்றது உள் அறை.

அடுத்த வரி. "ம்." இப்போது குசினிக்குள் இருந்து.

அடுத்த வரி. கிணற்றடியில் இருந்து, தூரமாக.

அடுத்தது அலுமாரிக்குப் பின்னால்.

அசனாவுக்கு மெல்லத்தான் விளங்கியது. பிள்ளை தேடுகிறது. கதை அம்மாவுடையது, குரல் அம்மாவுடையது இல்லை. அம்மாவை எல்லோரும் முறைப்படி அனுப்பிவிட்டார்கள். அதை யாரும் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

கடைசி வரியை முடித்தாள். மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"பிறகு?"

அவள் காலடியில் இருந்து கேட்டது.

"பிறகு..." அசனா புத்தகத்தை மூடினாள். அம்மா மௌத்தாகிவிட்டா என்று சொல்ல வேண்டும். நீயும்தான் என்று சொல்ல வேண்டும். பெற்ற தாயால் முடியாததை அவள் எப்படிச் சொல்வாள்? வெளியே ஜெமீல் ஹோர்ன் அடித்தான்.

"பிறகு அம்மா வருவா," என்றாள் அசனா.

எல்லாக் கதைக்கும் ம் கொட்டிய பிள்ளை, அதற்குக் கொட்டவில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்து ஓட்டோவின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். வயல் முழுக்க மழை இருட்டு. ஜெமீல் உற்சாகமாக இருந்தான். கிளிவெட்டிச் சந்தியில் ஒரு எருமை வீதியை மறித்துக்கொண்டு படுத்ததையும், பஸ்காரன் இறங்கி அதைக் கும்பிட்டதையும் சொல்லத் தொடங்கினான்.

"ம்."

"அப்ப பாரு, அது எழும்பி பஸ்ஸுக்குப் பின்னால போய் நிண்டுட்டு."

"ம்."

"என்ன புள்ள, இண்டைக்கு நல்லா ம் கொட்டுற?" ஜெமீல் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "நான் கதை சொன்னா நீ காதே குடுக்கிறல்லயே."

அசனா ஒரு ம்கூடக் கொட்டவில்லை. ஆற்றுச் சேற்று மணம் இருக்கை முழுக்க நிறைந்தது. அவளுடைய முந்தானையின் தலைப்பைக் குளிர்ந்த சின்னக் கை ஒன்று இறுகப் பிடித்திருந்தது.

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.